எழுத்தெண்ணிய காஞ்சி

சொற்களை அவற்றின் பொருளைக் கொண்டு தொகுக்காமல், அவை எத்தனை எழுத்துகளால் ஆனவை, எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிபவை, எந்த எழுத்து அவற்றில் இடம்பெறாதது என்பவற்றைக் கொண்டு தொகுக்கும் வழக்கம் இன்று பெரும்பாலும் ஆங்கிலச் சொல்விளையாட்டுகளோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டப்புதிர் குறுக்கெழுத்துப் போட்டியாக உலகெங்கும் பரவியது. 1930களில் ஆல்பிரட் பட்ஸ் நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து அமைத்த எழுத்துவில்லை விளையாட்டு, 'ஸ்கிராபிள்' என்ற பெயரில் நிலைபெற்றது. இவற்றில் ஆழ்ந்து ஈடுபடுவோர் இரண்டெழுத்துச் சொற்கள், மூன்றெழுத்துச் சொற்கள், 'க்யூ' வந்து 'யூ' வராத சொற்கள் என்று ஆங்கிலச் சொல்வளத்தைப் பிரித்துப் பட்டியலிட்டு மனனம் செய்கின்றனர். ஆனால் எழுத்தின் எண்ணிக்கையையும் இடத்தையும் விலக்கையும் விளையாட்டாகக் கொண்டதோடு நில்லாமல், அந்த விளையாட்டுக்கு இலக்கணமும் வகுத்த நகரங்களின் வரலாற்றைத் தேடினால், பட்டுத்தறிக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரமே முன்வரிசையில் நிற்கிறது.

காஞ்சியின் இந்த வரலாறு கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்ம பல்லவனின் காலத்தை ஒட்டி வாழ்ந்தவராக ஆய்வாளர் பலரும் கொள்ளும் தண்டியிடமிருந்து தொடங்குகிறது. வடமொழியில் 'காவியாதர்சம்' என்னும் அணியிலக்கண நூலையும் 'தசகுமாரசரிதம்' என்னும் உரைநடைக் காவியத்தையும் இயற்றிய இவர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும், இளமையில் பெற்றோரை இழந்து, படையெடுப்பும் பஞ்சமும் நகரை வாட்டிய காலத்தில் ஊர் ஊராக அலைந்து, பின்னர் காஞ்சிக்கே திரும்பியவர் என்பதும் அவர் பெயரில் வழங்கும் 'அவந்திசுந்தரி கதை'யின் முன்னுரைப் பகுதியால் அறியப்படும் செய்திகள். அவர் வாழ்ந்த நகரில் எழுத்து என்பது ஓலைக்குள் அடங்கிக் கிடந்த பொருளன்று. இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறுகோயில்களில், அம்மன்னனின் விருதுப் பெயர்கள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவை பலவகை அழகெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பது, சொல்லையும் எழுத்து வடிவத்தையும் அந்த அரசவை எவ்வளவு விரும்பிப் போற்றியது என்பதற்குக் கல்லில் நிலைத்த சான்று.

காவியாதர்சத்தின் மூன்றாம் பரிச்சேதத்தில் பெரும்பகுதி எழுத்தைப் பற்றியது. ஒரே எழுத்துத் தொடர் வேறுவேறு பொருளில் மீண்டும் வரும் யமகம், எழுத்துகளைக் கட்டங்களில் அடைத்துப் பல திசைகளில் படிக்கும் சித்திர அமைப்புகள், குறிப்பிட்ட எழுத்துகளை மட்டுமே கொண்டு பாடும் நியமங்கள், பிரகேளிகை எனப்படும் புதிர்கள் ஆகிய நான்கையும் தண்டி அங்கே முறைப்படுத்துகிறார். புதிர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் அவர் அவற்றின் பயனையும் சொல்லத் தவறவில்லை. அறிஞர் கூடிப் பொழுதுபோக்கும் அவைகளில் மகிழ்வூட்டவும், பலர் சூழ்ந்திருக்கும் இடத்தில் உரியவருக்கு மட்டும் செய்தி உணர்த்தவும், எதிரியைத் திகைக்கச் செய்யவும் புதிர் பயன்படும் என்பது அவர் கருத்து. இவற்றுள் 'சங்க்யாதா' என்பது எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட வகை. அதற்கு எடுத்துக்காட்டாகத் தண்டி அமைத்த புதிரே காஞ்சி என்னும் ஊர்ப்பெயரை எழுத்தெண்ணி விளையாடுகிறது.

நடுவே மூக்கொலி எழுத்தைக் கொண்டதும், சுற்றிலும் நான்கு வருணங்களால் அழகு பெற்றதுமான நகரம் ஒன்று உண்டு என்றும், அந்நகரின் மன்னர் பெயருக்கு எட்டு எழுத்து என்றும் அப்புதிர் சொல்கிறது. வருணம் என்னும் சொல் வடமொழியில் குலத்தையும் எழுத்தையும் ஒருங்கே குறிப்பதால், கேட்பவர் முதலில் நால்வகைக் குலத்தார் வாழும் ஊர் என்றே எண்ணுவார். ஆனால் விடைக்கு வழி எழுத்தில்தான் இருக்கிறது. காஞ்சி என்னும் பெயரை உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் க், ஆ, ஞ், ச், ஈ என்று ஐந்து ஒலிகள் கிடைக்கின்றன. நடுவில் நிற்கும் ஞகரம் மூக்கொலி. இருபுறமும் இரண்டிரண்டாக நிற்பவை நான்கு எழுத்துகள். அந்நகரை ஆண்ட பல்லவர் பெயரின் வடமொழிப் பன்மை வடிவத்தை அவ்வாறே பிரித்தால், இறுதியில் வரும் விசர்க்கம் என்னும் மூச்சொலியையும் சேர்த்து எட்டு ஒலிகள் வருகின்றன. சொல்லின் நீளம், நடுவெழுத்தின் இனம், அதைச் சூழ்ந்த எழுத்துகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் துப்பாகத் தந்து விடையைத் தேடச் செய்யும் இந்த அமைப்புக்கும், இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் அமைப்புக்கும் இடையே அடிப்படையில் வேறுபாடு இல்லை. தண்டியின் வாழ்க்கையைக் காஞ்சியோடும் பல்லவரோடும் பொருத்திக் காண வரலாற்றாசிரியர்களுக்கு இப்புதிர் ஒரு சான்றாகவும் பயன்பட்டது.

எழுத்து விலக்கிலும் தண்டி அளவுகோல் ஒன்றை வைத்தார். உயிரெழுத்து, எழுத்துப் பிறக்கும் இடம், மெய்யெழுத்து ஆகிய மூன்றில் எதை வரையறுத்தாலும், நான்கிலிருந்து ஒன்று வரை சுருக்குவதே அரிய செயல் என்றும், அதற்கு மேற்பட்ட எண்ணிக்கை எளிது என்றும் அவர் பிரித்தார். இலக்கணமாகச் சொன்னதைத் தம் உரைநடையிலும் அவர் செய்து காட்டினார். தசகுமாரசரிதத்தின் ஏழாம் பகுதியில் தன் கதையைச் சொல்லும் மந்திரகுப்தன், காதலியின் பல்பட்டு இதழ் புண்பட்டிருப்பதால், இதழ்களால் பிறக்கும் எழுத்து ஒன்றுகூட வராமல் கதை முழுவதையும் கூறி முடிக்கிறான். 1969இல் பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக் 'ஈ' என்னும் எழுத்தே இல்லாமல் ஒரு நாவல் எழுதியது உலகெங்கும் வியப்போடு பேசப்படுகிறது. அத்தகைய விலக்கைக் கதைமாந்தரின் உடல்நிலையோடு பொருத்தி, கதைக்குள்ளேயே அதற்குக் காரணமும் அமைத்துக் காட்டிய உரைநடை அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே காஞ்சியில் வாழ்ந்த ஒருவரால் எழுதப்பட்டது என்பது தமிழ்நாட்டார் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

தண்டியின் நூல் வடமொழியில் இருந்தாலும், எழுத்து விளையாட்டு காஞ்சிக்கு வடமொழி வழியாக மட்டும் வந்ததன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், அடிகளின் ஈற்றில் ஒரே எழுத்துத் தொடர் வேறு பொருளில் மடங்கி வரும் திருவியமகம் என்னும் அமைப்பில் பாடிய பதிகங்களுள் ஒன்று, மூன்றாம் திருமுறையில் உள்ள திருக்கச்சி ஏகம்பப் பதிகம். தமிழ் இலக்கணத்தார் மடக்கு என்று வழங்கும் இவ்வணி, கோயிலில் இசையோடு பாடப்படும் வழிபாட்டுப் பாடலிலேயே இடம்பெற்றது. சீர்காழிக்கு அவர் பாடிய மாலைமாற்றுப் பதிகமோ தமிழில் இவ்வகைக்கு முதன்மையான சான்று. மாலைமாற்று என்பது முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் பாடல். விகடகவி என்னும் சொல்லும் 'தேரு வருதே' என்னும் பேச்சுத் தொடரும் இதற்கு எல்லோரும் அறிந்த எளிய எடுத்துக்காட்டுகள்.

மாலைமாற்றின் அருமையைத் தமிழ்ச் சொல்லின் இயல்பே தீர்மானிக்கிறது. புள்ளியெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே மகன், மகள், மரம், ஊர், வேல் என்று மெய்யில் முடியும் எந்தச் சொல்லையும் பாடலின் இறுதியில் வைத்துத் திருப்ப முடியாது. அன், அள், அர், அம் என முடியும் பெயர்களும், அவ்வாறே முடியும் வினைமுற்றுகளும் மொழியின் பெரும்பகுதி என்பதால், அவற்றைக் கையாள வழியில்லாத புலவர் உயிர்மெய்யில் முடியும் சொற்களை மட்டும் தனியே தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியவராகிறார். எழுத்து விளையாட்டு சொற்தொகுப்பைப் பிறப்பிக்கும் முறை இதுவே. விலக்கு இருக்கும் இடத்தில்தான், விலக்கப்படாத சொற்கள் எவை என்ற கணக்கு தேவைப்படுகிறது.

தண்டியின் இலக்கணம் காஞ்சியிலிருந்து நெடுந்தொலைவு சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில் எழுந்த கன்னடக் 'கவிராஜமார்க்கம்' அதைத் தழுவியது; சிங்களத்தில் 'சியபஸ்லகர' அதன்வழி அமைந்தது; பதின்மூன்றாம் நூற்றாண்டில் திபெத்திய மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது. தமிழில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அணிகளைத் தண்டியின் வழியிலேயே சொல்வதாக வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அந்நூல் அமைந்த கட்டளைக் கலித்துறையே எழுத்தெண்ணிப் பாடும் பாவகை. நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்தும், ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணும்போது அமைந்தாக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில், எடுத்துக்காட்டுப் பாடல்களில் அநபாய சோழன் போற்றப்படும் தண்டியலங்காரம் தோன்றியபோது, காஞ்சித் தண்டியின் இலக்கணம் அவர் பெயராலேயே தமிழில் நிலைபெற்றது.

தண்டியலங்காரத்தின் மூன்றாம் பிரிவாகிய சொல்லணியியல் பன்னிரண்டு சித்திரகவிகளை வரையறுக்கிறது. இரண்டு அடிகளின் எழுத்துகள் ஒன்றுவிட்டு ஒன்று இடம் மாறியும் பாடல் மாறாமல் நிற்பது கோமூத்திரி. நான்காம் அடியின் எழுத்துகளெல்லாம் முதல் மூன்றடிக்குள் மறைந்திருப்பது கூடசதுக்கம். வெளியிலிருந்து உள்நோக்கிச் சுழன்று படித்தாலும் அதே பாடல் வருவது சுழிகுளம். நான்கு புறமிருந்து படித்தாலும் மாறாதது சருப்பதோபத்திரம். ஒரு பாடலின் எழுத்துகளுக்குள் வேறொரு பாடல் ஒளிந்திருப்பவை காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும். இவற்றோடு மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், எழுத்துவருத்தனம், அக்கரச்சுதகம், வினாவுத்தரம் ஆகியவையும் சேர்கின்றன. காஞ்சியின் பழைய தறிகளில், நெய்யத் தொடங்குமுன்பே எந்த இழை எப்போது உயர வேண்டும் என்பதை 'அடை' என்னும் நூற்கட்டால் முடிந்து வைத்த நெசவாளரைப் போல, சித்திரகவி பாடுபவரும் முதற்சொல் பிறக்குமுன்பே ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய கட்டத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றுள் எழுத்துவருத்தனம் சொல்லின் நீளத்தை நேரடியாகக் கருவியாக்குகிறது. ஒரு சொல்லோடு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போக, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள புதுச்சொல் பிறக்க வேண்டும் என்பது அதன் விதி. தண்டியலங்காரம் காட்டும் வரிசையில், தலையைக் குறிக்கும் 'கம்' முன்னே ஓர் எழுத்துப் பெற்று மலையைக் குறிக்கும் 'நகம்' ஆகிறது. அது பொன்னைக் குறிக்கும் 'கநகம்' ஆகி, இறுதியில் தாமரையைக் குறிக்கும் 'கோகநகம்' ஆகிறது. இதன் மறுதலையாகிய அக்கரச்சுதகம், எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிச் சொல்லைச் சுருக்கும் ஆட்டம். முடிவெழுத்து ஒன்றாக இருந்து நீளம் மட்டும் வேறுபடும் சொற்களை அருகருகே நினைவில் வைத்திருப்பவரால்தான் இவ்விரண்டையும் ஆட முடியும்.

வினாவுத்தரம் மீண்டும் காஞ்சிக்கே வருகிறது. வினாக்கள் பலவற்றை அடுக்கி, அவற்றுக்குரிய தனித்தனி விடைகளை ஒன்றுசேர்த்தால் இறுதி வினாவின் விடை கிடைக்குமாறு அமைப்பது இவ்வகை. தண்டியலங்கார எடுத்துக்காட்டு, பூவில் உறையும் மகள் யார், புறப்படுபவனை ஏவுவோன் சொல்லும் சொல் எது, போரில் தொடுக்கும் சரத்துக்குப் பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்று கேட்டு, பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது என்ற வினாவோடு முடிகிறது. விடைகள் முறையே திரு, ஏகு, அம்பு, அம் என்பவை. இவற்றைப் புணர்ச்சி விதிப்படி சேர்க்கும்போது, திரு என்பதன் முற்றியலுகரம் வகர உடம்படுமெய் பெற்று ஏகு என்பதோடு இணைகிறது. ஏகு, அம்பு ஆகிய இரண்டின் ஈற்றிலும் உள்ள குற்றியலுகரம் அடுத்து வரும் உயிரின் முன் கெடுகிறது. இறுதியில் 'திருவேகம்பம்' என்னும் கோயிற்பெயர் முழுமையாக எழுகிறது. தண்டியின் வடமொழிப் புதிர் காஞ்சி என்னும் நகரப்பெயரை ஒலிகளாக உடைத்தது. தமிழ்ப் புதிர் அந்நகரின் ஏகாம்பரநாதர் உறையும் கோயிலின் பெயரைச் சொற்களால் கட்டியது. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு இடைவெளியில், இரு மொழிகளின் இலக்கண நூல்கள் எழுத்து விளையாட்டுக்கு ஒரே ஊரையே விடையாக வைத்திருக்கின்றன.

காஞ்சியின் தூப்புலில் 1268இல் தோன்றியவராகக் கொள்ளப்படும் வேதாந்த தேசிகர் இம்மரபைக் கணிதத்தின் எல்லைவரை கொண்டுசென்றார். திருவரங்கத்துப் பெருமானின் பாதுகையைப் போற்றி அவர் இயற்றிய 1008 பாடல்களைக் கொண்ட 'பாதுகா சஹஸ்ரம்' ஒரே இரவில் பாடப்பட்டது என்பது வைணவ மரபு வழங்கும் செய்தி. அதன் முப்பதாம் பகுதியாகிய சித்திர பத்ததி நாற்பது பாடல்களால் ஆனது. அங்கே அடுத்தடுத்து நிற்கும் இரு பாடல்கள், எட்டெட்டு எழுத்துகள் கொண்ட நான்கு அடிகளாக முப்பத்திரண்டு கட்டங்களில் அடங்குகின்றன. முதற்பாடலைச் சதுரங்கப் பலகையின் பாதியாகக் கருதி, அதன் முதல் எழுத்திலிருந்து குதிரையின் பாய்ச்சலில், எந்தக் கட்டத்தையும் இருமுறை தொடாமல் எல்லாக் கட்டங்களையும் கடந்து எழுத்துகளைக் கோத்தால், இரண்டாம் பாடல் வருகிறது. காசுமீரத்து உருத்திரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தகைய குதிரைப்பாய்ச்சல் பாடலை அமைத்திருந்தாலும், தேசிகரின் அமைப்பில் இருவேறு பாடல்கள் தனித்தனிப் பொருளோடு நிற்பது அரிய சிறப்பு. ஐரோப்பாவில் லியோன்ஹார்டு ஆய்லர் இக்குதிரைப் பாதையைக் கணிதச் சிக்கலாக ஆராய்ந்தது 1759இல்.

பதினேழாம் நூற்றாண்டில் காஞ்சி தந்த புலவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர். காஞ்சிபுரத்துக் குமாரசாமி தேசிகரின் மகனாகிய இவர் நெல்லைக்கு அருகே சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் கற்கச் சென்றபோது, 'கு' என்னும் எழுத்தில் தொடங்கி, இடையில் 'ஊருடையான்' என்னும் தொடரைப் பெற்று, மீண்டும் 'கு' என்றே முடியும் வெண்பா ஒன்றைப் பாடும்படி ஆசிரியர் சோதித்தார் என்றும், கல்வி முடிந்தபின் காணிக்கையாகப் பொன்னை ஏற்காமல், திருச்செந்தூரில் தம்மை இகழ்ந்துவந்த புலவர் ஒருவரை வெல்லுமாறு கேட்டார் என்றும் அவர் வரலாறு சொல்கிறது. தோற்றவர் வென்றவருக்கு அடிமையாவது என்ற பந்தயத்தோடு நடந்த அப்போட்டியில் பிறந்ததே 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி'. ஒவ்வோர் அடியும் ஒரே எழுத்துத் தொடரில் தொடங்கி வேறு பொருள் தருவது யமகம்; ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாவது அந்தாதி; இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது நிரோட்டகம்.

நிரோட்டகத்தில் ப, ம, வ ஆகிய மெய்களும், இதழ் குவிந்து பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் விலக்கப்படுகின்றன. இவ்விலக்கு தமிழில் எவ்வளவு கடுமையானது என்பதைச் சொற்களை எண்ணிப் பார்த்தால்தான் உணர முடியும். நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' பயன்படாது. 'உம்' என்னும் இடைச்சொல் பயன்படாது. வந்து, கண்டு, நின்று என உகரத்தில் முடியும் வினையெச்சங்கள் அனைத்தும் நீங்குகின்றன. அம்மில் முடியும் எண்ணற்ற பெயர்களும் நீங்குகின்றன. பாட்டுடைத் தலைவனுக்குரிய முருகன், குமரன், வேலன், சண்முகன் என்னும் பெயர்களில் எதையும் சொல்ல இயலாது. கந்தன், சேய் ஆகியவை எஞ்சுகின்றன. அவன் ஊர் திருச்செந்தூர் ஆகாமல் செந்தில் ஆக வேண்டும். கையிலுள்ள வேலை அயில் என்றும், ஊர்தியாகிய மயிலைச் சிகி என்றும் சொல்லத் தெரிந்தவருக்கே வழி திறக்கிறது. ஒரு பொருளுக்கு உரிய பெயர்கள் எல்லாவற்றையும் அறிந்து, அவற்றுள் குறிப்பிட்ட எழுத்து இல்லாதவற்றைக் கணத்தில் பிரித்தெடுக்கும் ஆற்றலைத்தான் அப்பந்தயம் சோதித்தது.

அந்த ஆற்றலுக்குக் கருவியாக நின்றவை நிகண்டுகள். செய்யுள் வடிவில் அமைந்து மனப்பாடத்துக்கு உதவிய இச்சொற்கோவைகளில், சேந்தன் திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளின் பல பெயர்களையும், ஒரு சொல்லின் பல பொருள்களையும் தொகுத்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தன் பதினோராம் தொகுதியில், பலபொருள் தரும் சொற்களை எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமையால் வரிசைப்படுத்தியது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் அதை ஓதி மனத்தில் நிறுத்தியபோது, சொற்கள் எழுத்துவழியே கோக்கப்பட்டு நினைவில் தங்கின. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை என்னும் மூன்று பகுதிகளோடு தொடை என்னும் நான்காம் பகுதியையும் கொண்டது. செய்யுள் பாடுவோருக்கு உதவ, எதுகையால் ஒன்றுபடும் சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தந்த பகுதி அது. முதலெழுத்தால் ஒரு வரிசை, இரண்டாம் எழுத்தால் ஒரு வரிசை, பொருளால் ஒரு வரிசை எனத் தமிழ்ச் சொல்வளம் பல கோணங்களில் அடுக்கப்பட்டதற்குச் செய்யுளின் தேவையே முதற்காரணம். அச்செய்யுள் தேவையின் மிகக் கடினமான வடிவமே சித்திரகவி.

இம்மரபை வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்கியவர் பழங்காலத்திலேயே இருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டின் ஆனந்தவர்த்தனரும் அவர் வழிவந்த மம்மடரும் குறிப்புப்பொருளைக் கவிதையின் உயிராகக் கொண்டதால், சித்திரத்தைக் கடைநிலையில் வைத்தனர். தமிழ் மரபோ ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று புலமையை நான்காகப் பகுத்து, சித்திரகவிக்கு மற்ற மூன்றோடும் ஒத்த இருக்கையை அளித்தது. இவ்விரு நிலைகளுள் தமிழின் நிலையே வரலாற்றுக்கு நெருக்கமானது. சித்திரகவியின் பயனை அதன் பாடல்கள் தரும் உணர்ச்சியால் மட்டும் அளக்கக் கூடாது; அது மொழியைப் பற்றிச் சேர்த்துத் தந்த அறிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுத்துகள் பிறக்கும் இடம், சொல்லுக்கு முதலும் ஈறும் ஆகும் எழுத்துகள், புணர்ச்சியில் கெடுபவை, தோன்றுபவை ஆகியவற்றை இலக்கணம் விதியாகச் சொல்கிறது. அவ்விதிகள் உண்மையில் எத்தனை சொற்களை ஆள்கின்றன என்பதை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வைத்தது இந்த விளையாட்டுத்தான்.

பிற்காலத்தில் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் சதுரங்க பந்தம் முதலியவற்றைப் பாடியும், பரிதிமாற் கலைஞர் 'சித்திரக்கவி விளக்கம்' எழுதியும் மரபு அறுபடாமல் காத்தனர். 1930களில் ஆனந்த விகடன் போன்ற இதழ்கள் பரிசு அறிவித்து நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகளால் எழுத்துக் கட்டம் புலவர் அவையிலிருந்து பொதுமக்களின் கைக்கு வந்தது. வடிவம் மேற்கிலிருந்து வந்தாலும், கட்டத்தில் எழுத்தை நிரப்பும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. இன்று தமிழில் சொல்விளையாட்டுகளை உருவாக்க முனைவோர் ஆங்கிலப் பட்டியல்களின் முறையைப் பின்பற்றும்போது, ஒற்றை எண்ணுவதா நீக்குவதா, உயிர்மெய்யை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகப் பிரிப்பதா என்னும் வினாக்களில் தடுமாற நேர்கிறது. ஒலிகளாகப் பிரித்து எண்ணிய காவியாதர்சப் புதிரும், ஒற்றை நீக்கி எண்ணும் கட்டளைக் கலித்துறையும், உயிர்மெய்யை ஒன்றாகக் கொண்டு சொல்லை வளர்க்கும் எழுத்துவருத்தனமும் அவ்வினாக்களுக்கு மூன்று வேறு விடைகளை ஏற்கெனவே வகுத்து வைத்துள்ளன. சொல்லணியியலையும் நிகண்டுகளையும் தேர்வுக்குரிய பெயர்ப்பட்டியலாகக் கருதாமல், எழுத்தை எண்ணிச் சொல்லை அறியும் பயிற்சி நூல்களாக மாணவர் கையில் மீண்டும் கொடுப்பதே காஞ்சி வளர்த்த இக்கலைக்குச் செய்யத்தக்க பெரும்பணி.